விளையாட்டு மைதானத்தைப் புதுசாக்கப் போறீங்களா, மொதல்ல பசங்களோட ஒரு சுத்து நடந்துட்டு வாங்க

பழைய பொது விளையாட்டு மைதானம் ஒண்ணை மாத்தி அமைக்கப் போறாங்க, நாலஞ்சு பேர் சேந்து பொறுப்பு எடுத்திருக்கீங்க, இதுக்கு முன்னாடி யாருக்கும் இந்த வேலை பழக்கமில்லைன்னு வெச்சுக்குவோம். மொத மீட்டிங்லயே யாராவது ஒருத்தர் போன்ல ஒரு கேட்லாக்கைத் திறந்து காட்டுவாங்க. செவப்பு சறுக்குமரம், மஞ்ச கோபுரம், ஸ்பிரிங் வெச்ச குதிரை. எல்லாரும் நல்லா இருக்குன்னு தலையாட்டுவாங்க. தயவுசெஞ்சு அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க. கேட்லாக் தேவைதான், ஆனா அது கடைசில கைக்கு வர வேண்டியது. முன்னாடியே வந்துட்டா அப்புறம் பசங்ககிட்ட கேக்க மிச்சம் இருக்கறது செவப்பா மஞ்சளாங்கிற கேள்வி மட்டும்தான்.

இந்த மாதிரி வேலைகள்ல கூட நின்னு நான் கத்துக்கிட்டதை மொதல்லயே சொல்லிடறேன். பசங்ககிட்ட "உனக்கு என்ன வேணும்"னு ஆரம்பிக்காதீங்க, "நீ இங்க என்ன பண்ணுவ, காட்டு"ன்னு ஆரம்பிங்க. என்ன வேணும்னு கேட்டா எங்கயோ பாத்ததை, டிவில வந்ததை, பக்கத்துல இருக்கறவன் சொன்னதைத்தான் சொல்லுவாங்க. பெரியவங்களா இருந்தாலும் அப்படித்தானே சொல்லுவோம். காட்டுன்னு சொன்னா கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போவாங்க, அங்க நம்ம கண்ணுக்கு இத்தனை நாளா தெரியாத ஒரு மைதானம் இருக்கும்.

கேக்கறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய ஒரு பக்கம்

ஒரே ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. நிலம் யார் பேர்ல இருக்கு, பணம் எங்கிருந்து வருது, எப்போ முடிக்கணும், முடிஞ்சப்புறம் யார் பராமரிப்பாங்க, இதெல்லாம் மேல எழுதுங்க. கீழ ரெண்டு பக்கமா பிரிச்சு, மாத்தவே முடியாதது ஒரு பக்கம், மாத்தலாம்ங்கிறது ஒரு பக்கம். மண்ணுக்கு அடில போற தண்ணிக் குழாய், கரண்ட் கேபிள், வெட்டக் கூடாத மரம், மழைத்தண்ணி ஓடற வழி, வண்டி வந்து போக விட்டே ஆக வேண்டிய பாதை, இதெல்லாம் மொதப் பக்கம். இதை விசாரிக்கவே ரெண்டு மூணு வாரம் ஆகும், அலுப்பா இருக்கும், ஆனாலும் முடிச்சுட்டுத்தான் பசங்ககிட்ட போகணும். ஏன்னா எல்லாமே நடக்கும்ங்கிற மாதிரி பேசிட்டு, ஒரு பையன் உக்காந்து அழகா ஒரு குன்று வரைஞ்சு கொண்டு வந்தப்புறம் "அங்க குழாய் போகுதுப்பா"ன்னு சொன்னா அவன் அடுத்த தடவை வரமாட்டான்.

இதுல எந்த அளவுக்குப் பசங்க முடிவெடுப்பாங்கன்னும் மொதல்லயே உங்களுக்குள்ள பேசி வெச்சுக்கோங்க. ரோஜர் ஹார்ட்னு ஒருத்தர் 1992-ல யுனிசெஃபுக்காக இதை ஒரு ஏணியா வரைஞ்சு காட்டினார், எட்டுப் படி. ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-ல மக்கள் பங்கேற்புக்குப் போட்ட ஏணிதான் அதுக்கு அடிப்படை. ஹார்ட்டோட ஏணில கீழ இருக்கற மூணு படியும் பங்கேற்பே இல்லைன்னு அவர் சொன்னார்: பசங்களை வெச்சுக் காரியம் சாதிக்கறது, அலங்காரத்துக்கு நிறுத்தறது, பேருக்கு ஒரு வார்த்தை கேக்கறது. திறப்பு விழால ஒரே கலர் டிஷர்ட் போட்டு நிக்க வெச்சு போட்டோ எடுக்கறோமே, அது ரெண்டாவது படி. எல்லாரும் எட்டாவது படில போய் நிக்கணும்னு அவசியமில்லை. பெரியவங்க ஆரம்பிச்ச வேலைல பசங்களும் சேந்து முடிவெடுக்கறது ஆறாவது படி, மைதான வேலைக்கு அது நல்ல உயரம்.

"சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும்"னு கேக்கற அதிகாரியோ கமிட்டி ஆளோ கண்டிப்பா ஒருத்தர் வருவார். அவர்கிட்ட சண்டை போட வேண்டாம், ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கைன்னு 1989-ல ஒண்ணு வந்திருக்கு, அதுல 31-வது பிரிவு விளையாடறது குழந்தையோட உரிமைன்னு சொல்லுது, 12-வது பிரிவு தன்னைப் பாதிக்கற விஷயத்துல குழந்தை கருத்து சொல்லலாம், அந்தக் கருத்துக்கு அதோட வயசுக்கும் முதிர்ச்சிக்கும் ஏத்த மதிப்பு கொடுக்கணும்னு சொல்லுதுன்னு பணிவா எடுத்து வைங்க. காகிதத்துல இருக்கற விஷயத்துக்கு ஆபீஸ்ல எப்பவும் மதிப்பு அதிகம்.

ஒரு வாரம் சும்மா உக்காந்து பாருங்க

அடுத்த வேலை எதுவும் கேக்காம பாக்கறது. மைதானத்தோட மேப்பைக் கையாலயே வரைஞ்சு பத்து காப்பி எடுத்துக்கோங்க. காலைல, ஸ்கூல் விட்டதும், இருட்டற நேரம், லீவு நாள் மதியம், இப்படி வேற வேற நேரத்துல ஆளுக்கு அரை மணி நேரம் உக்காருங்க. யார் எங்க இருக்காங்கன்னு ஒரு புள்ளி, பக்கத்துல சுமாரா வயசு, பொண்ணா பையனா, என்ன பண்றாங்க. பேர் வேண்டாம், முகம் தெரியற மாதிரி போட்டோ கண்டிப்பா வேண்டாம். யாராவது "என்ன எழுதறீங்க"ன்னு கேட்டா எதையும் மறைக்காம விஷயத்தைச் சொல்லுங்க, நோட்டையும் காட்டுங்க, பாதி நேரம் அவங்களே உக்காந்து கதை சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க.

புல்லுல தேஞ்சு போன ஒத்தையடிப் பாதை, தாத்தாக்கள் உக்கார்ற இடம், யாருமே போகாத மூலை, பசங்க எந்தச் செவுத்து மேல ஏறறாங்க, எதுக்குள்ள ஒளியறாங்க, எல்லாத்தையும் குறிச்சுக்கோங்க. யார் வரலைங்கிறதையும் எழுதுங்க, இது வந்தவங்களை எண்ணறதை விட முக்கியம். வியன்னா நகரத்துல 1990-கள்ல பூங்காக்களைக் கவனிச்சப்ப சுமார் 10 வயசு தாண்டின பொண்ணுங்க வர்றது சட்டுனு குறையறது தெரிஞ்சுது. 1999-ல ரெண்டு பூங்காவை மாத்தினாங்க, பெரிய திறந்த வெளியை செடி மரம் வெச்சு சின்னச் சின்னப் பகுதியா பிரிச்சாங்க, நடைபாதை போட்டாங்க, வாலிபால் பேட்மின்டனுக்கு இடம் ஒதுக்கினாங்க, பொண்ணுங்க கூட்டமும் பசங்க கூட்டமும் ஒருத்தரை ஒருத்தர் தள்ளாம பூங்காவைப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. பூட்டும் தடுப்பும் எதுவுமே இல்லாம ஒரு கூட்டம் வெளிய நிக்க முடியும்ங்கிறது எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்.

டென்மார்க்ல கார்ல் தியோடர் சோரன்சன்னு ஒரு நிலவடிவமைப்பாளர் இருந்தார், தான் கட்டின மைதானங்களை விட கட்டட வேலை நடக்கற இடத்துலயும் பழைய சாமான் கிடக்கற இடத்துலயும்தான் பசங்க ஆசையா விளையாடறாங்கன்னு கவனிச்சார். அதை வெச்சுத்தான் 1943-ல கோபன்ஹேகன் பக்கத்துல எம்ட்ரப்ங்கிற இடத்துல மரக்கட்டை, ஆணி, மண்ணு, தண்ணி இதெல்லாம் போட்டு பசங்களே கட்டிப் பிரிச்சு விளையாடற மைதானம் வந்துது. தான் செஞ்ச வேலையை விட்டுட்டு பசங்க எங்க போறாங்கன்னு பாக்கறதுக்கு ஒரு மனசு வேணும், அந்த மனசு நமக்கும் வேணும்.

பசங்களோட நடக்கறது

இதுதான் இந்த மொத்த வேலைக்கும் உயிர், அதனால இதுக்கு நேரத்தை தாராளமா ஒதுக்குங்க.

நாலு அல்லது அஞ்சு பசங்க ஒரு குரூப். அதுக்கு மேல போனா ரெண்டு பேர் மட்டும்தான் பேசுவாங்க. வயசு ரொம்ப கலக்காதீங்க, 5 வயசுக் குழந்தையும் 12 வயசுக் குழந்தையும் ஒண்ணா நடந்தா சின்னது வாயே திறக்காது. வீட்ல எழுத்துல சம்மதம் வாங்குங்க, ஆனா அதோட நிறுத்தாம குழந்தைகிட்டயும் கேளுங்க, நடுவுல பிடிக்கலைன்னா போயிடலாம்னு சொல்லி வைங்க. எப்பவும் ரெண்டு பெரியவங்க இருக்கணும், எந்தக் குழந்தையும் ஒரு பெரியவரோட தனியா இருக்கற நிலைமை வரவே கூடாது. இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க, தெரிஞ்சவர்தானேன்னு விடாதீங்க.

ஆளுக்கு ஒரு சாதாரண கேமரா, இல்லைன்னா குரூப்புக்கு ஒரு பழைய போன். "உனக்கு முக்கியமானதை எல்லாம் போட்டோ எடு"ன்னு சொல்லிட்டு அவங்க பின்னாடி நடங்க, முன்னாடி போகாதீங்க. இங்கிலாந்துல அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ்னு ரெண்டு பேர் 2001 வாக்குல இதை ஒரு முறையாவே வகுத்தாங்க: குழந்தை எடுக்கற போட்டோ, குழந்தை கூட்டிட்டுப் போற சுத்து, குழந்தை செய்யற மேப், பேச்சு, கவனிப்பு எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுப் பாக்கறது. பேச்சு சரியா வராத சின்னக் குழந்தைங்களுக்கு இது ரொம்பப் பொருந்தும்.

ஒரு தடவை ஆறு வயசுப் பொண்ணு எடுத்த போட்டோவை உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தோம். மொத்தம் பதினோரு போட்டோ, அதுல நாலு ஒரே இடம். பழைய சறுக்குமரத்தோட பக்கக் குழாய், துருப்பிடிச்சு மேல ஒரு ஓட்டை, அடில பொத்தல். எங்க லிஸ்ட்ல அதுக்கு நேரா "துரு, உடனே அகற்றணும்"னு எழுதியிருந்தோம், அது சரிதான், கையைக் கிழிக்கற ஓரம் அது. ஆனா எதுக்கு நாலு போட்டோன்னு கேட்டப்ப அவ எங்களை அங்க கூட்டிட்டுப் போய், ஒரு கைப்பிடி மணலை மேல் ஓட்டைல விட்டு, காதைக் குழாய்ல வைக்கச் சொன்னா. ஸ்ஸ்ஸுனு ஒரு சத்தம் இறங்கி வந்து அடில கொட்டுச்சு. கீழ இன்னொருத்தி டப்பா புடிச்சுக்கிட்டு நிக்கணுமாம், அது "மண்ணு லிஃப்ட்"டாம். ஏறி சறுக்கறது அவங்களுக்கு ரெண்டாம் பட்சம். இந்த விஷயம் எந்தக் கேள்வித்தாள்லயும் வந்திருக்காது. துருக் குழாய் போச்சு, ஆனா புது மணல் தொட்டி பக்கத்துல புனல் வெச்ச ரெண்டு வழவழப்பான குழாய் சாய்வா நின்னுது, டிசைனருக்கு அது அரை மணி நேர வேலை.

நடக்கும்போது கேக்க எளிமையான கேள்வி போதும். இங்க எதுக்கு வருவ, எந்த இடத்துல நிக்கப் பிடிக்காது, மழை பெஞ்சா எங்க போவ, அண்ணனுங்க வந்துட்டா என்ன பண்ணுவ, அம்மா எங்க உக்காருவாங்க, அங்கிருந்து உன்னைப் பாக்க முடியுமா, நீ பாப்பாவா இருந்தப்பவும் இது பிடிச்சுதா. பதில் வரலைன்னா விட்டுருங்க, ஓடி விளையாட விடுங்க, அந்த ஓட்டமே பதில்தான். குழந்தை சொன்னதை அது சொன்ன வார்த்தைலயே எழுதுங்க. மண்ணு லிஃப்டை "மணல் சார்ந்த விளையாட்டு அனுபவம்"னு மாத்தி எழுதினா ரிப்போர்ட் அழகா இருக்கும், ஆனா அந்தக் குழாய் கிடைக்காது.

படமும் மாடலும்

நடந்து முடிச்சப்புறம்தான் "இன்னும் என்ன இருந்தா நல்லா இருக்கும்"ங்கிற கேள்வி. தாள்ல வரையறது மட்டும் வேண்டாம், வரைய வராத பசங்க ஒதுங்கிடுவாங்க. அட்டைப்பெட்டி, களிமண், கயிறு, குச்சி, துணி எல்லாம் கொடுத்து மைதானத்தோட வடிவத்துல ஒரு பலகை மேல கட்டச் சொல்லுங்க. சைமன் நிக்கல்சன்ங்கிற இங்கிலாந்துக் கலைஞர் 1971-ல எழுதினார், ஒரு இடத்துல நகர்த்த, சேக்க, பிரிக்க முடியற பொருள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அங்க இருக்கறவங்களோட கண்டுபிடிப்பும் அதிகமாகும்னு. மாடல் செய்யற மேசைலயும் அது அப்படியே நடக்கும், புது மைதானத்துலயும் நடக்கும். அதனால எல்லாத்தையும் கான்கிரீட்ல பதிச்சு வெச்சிடாதீங்க, மணல், தண்ணி, கட்டை, கல்லுன்னு கையால மாத்தற மாதிரி கொஞ்சமாவது விட்டு வைங்க.

நீச்சல் குளம் வேணும், ரோலர் கோஸ்டர் வேணும்னு கண்டிப்பா வரும். சிரிக்காதீங்க, முடியாதுன்னும் உடனே சொல்லாதீங்க, "அதுல எது ரொம்பப் பிடிக்கும்"னு கேளுங்க. ஒருத்தனுக்கு வயித்துல ஜிவ்வுனு இருக்கறது பிடிக்கும், அப்போ அவனுக்குத் தேவை உயரமான சறுக்கல் அல்லது வேகமா ஆடற கூடை ஊஞ்சல். ஒருத்திக்கு எல்லாரும் கத்தறது பிடிக்கும், அப்போ அவளுக்கு நாலஞ்சு பேர் ஒண்ணா ஏறி ஆடற மாதிரி ஒண்ணு. குளம் கேட்டவன் வெயில் தாங்கலைன்னு சொல்லுவான், அவன் கேக்கறது நிழலும் ஒரு தண்ணிக் குழாயும். ஒவ்வொரு மாடல் பக்கத்துலயும் பொருளோட பேர் எழுதாம இந்த ஆசையை எழுதி வைங்க, டிசைனர் வேலை செய்ய வேண்டியது இதை வெச்சுத்தான்.

ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டுப் போடறது பசங்களுக்குப் பிடிக்கும், எனக்கு அதுல பயம் உண்டு. இருபது பேர் உயரக் கயிறு ஏணிக்கு ஒட்டுவாங்க, வீல்சேர்ல வர்ற ஒரே ஒரு குழந்தை தரையோட இருக்கற ராட்டினத்துக்கு ஒட்டும், எண்ணிப் பாத்தா அது தோத்துடும். ஓட்டு ரெண்டு நல்ல யோசனைக்கு நடுவுல எது மொதல்லங்கிறதுக்கு மட்டும் இருக்கட்டும், யார் உள்ள வரலாம்ங்கிறதை எண்ணிக்கை முடிவு பண்ணக் கூடாது.

வராதவங்களைத் தேடிப் போங்க

நீங்க எங்க அறிவிப்பு ஒட்டினாலும் வர்றவங்களேதான் வருவாங்க. மாற்றுத்திறனாளிக் குழந்தை இருக்கற வீடு, புதுசா குடிவந்து மொழி சரியா வராத குடும்பம், பதினாலு வயசுப் பொண்ணுங்க, ராத்திரி ஷிப்ட் போற அப்பா அம்மா, இவங்ககிட்ட நீங்கதான் போகணும். 2006-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைல 30-வது பிரிவு, இந்தக் குழந்தைங்களுக்கும் மத்தவங்களுக்குச் சமமா விளையாட்டுல இடம் இருக்கணும்னு தெளிவாவே சொல்லுது. சிறப்பு ஊஞ்சல் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க. அந்த ஊஞ்சல் வரைக்கும் சக்கரம் மணல்ல புதையாம போகுமா, சரிவுப் பாதை 12-க்கு 1 அளவை விட (12 அடி நீளத்துக்கு 1 அடி ஏத்தம்) செங்குத்தா இருக்கா, கேட்டுல நாற்காலி நுழையுமா, கூட்டம் சத்தம் தாங்காத குழந்தை ஒதுங்கி உக்காந்து வேடிக்கை பாக்க ஒரு மூலை இருக்கா, இதையெல்லாம் அந்தக் குழந்தையையும் அதோட அம்மாவையும் கூட்டிட்டு கேட்லேர்ந்து ஊஞ்சல் வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாத்தா தானா தெரியும்.

டீன் ஏஜ் பசங்களைத் தொந்தரவுன்னே பேசுவாங்க. அவங்களுக்கு உக்காந்து பேச ஒரு இடம் வேணும், பின்னாடி சாஞ்சுக்க செவுரு இருக்கணும், வீட்டுக்கு ரொம்பத் தெரியவும் கூடாது, ரொம்ப இருட்டாவும் இருக்கக் கூடாது. அதைக் கட்டிக் கொடுக்கலைன்னா சின்னப் பசங்க ஊஞ்சல் மேலதான் உக்காருவாங்க, வேற எங்க போவாங்க.

மைதானத்தை ஒட்டி ஜன்னல் இருக்கற வீட்டுக்காரங்களை மீட்டிங்குக்கு முன்னாடியே தனித்தனியா பாத்துடுங்க. சத்தம், பந்து வந்து விழறது, ராத்திரி லைட்டு, இதுதான் அவங்க கவலை, மூணுமே நியாயமான கவலை. பந்து விளையாட்டை எதிர்ப் பக்கம் தள்ளறது, லைட்டைக் கீழ பாத்த மாதிரி வைக்கறது, இதெல்லாம் பேப்பர்ல இருக்கும்போது அழிச்சு வரையற வேலை. கட்டினப்புறம் வந்தா அது சண்டை.

ஊர்க் கூட்டம்

மேடை, மைக், ப்ரொஜெக்டர் வேண்டாம். முடிஞ்சா அந்த மைதானத்துலயே நடத்துங்க. பெரிய மேப்பைத் தரைல விரிச்சு, பசங்க செஞ்ச மாடல்களைச் சுத்தி வெச்சு, மொதல்ல பசங்களையே பேச விடுங்க. ஒரு குழந்தை "இந்த மரத்தடில நாங்க கடை வெச்சு விளையாடுவோம்"னு சொன்னதுக்கப்புறம் அங்க பார்க்கிங் வேணும்னு கேக்க வந்தவர் குரல் கொஞ்சம் இறங்கிடும், இதை நான் பல தடவை பாத்திருக்கேன். எப்பவும் ஓங்கிப் பேசற ஒருத்தர் இருப்பார், அவரைத் தடுக்க வேண்டாம், எல்லாரையும் ஆறு ஆறு பேரா உக்கார வெச்சு ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டுல எழுதச் சொல்லிட்டா அவர் சீட்டும் ஒரு சீட்டுதான். எழுதப் படிக்க வராதவங்களுக்கு ஒருத்தர் பக்கத்துல உக்காந்து எழுதிக் கொடுக்கட்டும்.

ஊரே முன்னெடுத்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு ஆம்ஸ்டர்டாம் நல்ல சாட்சி. 1947-லேர்ந்து 1978 வரைக்கும் ஆல்டோ வான் எய்க்ங்கிற கட்டடக் கலைஞர் அங்க 700-க்கும் மேல விளையாட்டு இடங்களை வடிவமைச்சார், அதுல பலது, பக்கத்துல குடியிருந்தவங்க "எங்க தெருவுல ஒரு காலி இடம் இருக்கு, இங்க ஒண்ணு போட்டுக் கொடுங்க"ன்னு நகர நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினதால வந்தது. அவர் வெச்சதும் எளிமையான பொருள்தான், மணல் குழி, தாவிப் போக கல்லு, வளைஞ்ச கம்பி. எதுக்குன்னு சொல்லாம விட்ட பொருள், பசங்களே அர்த்தம் கொடுத்துக்கிட்டாங்க.

வாட்ஸ்அப் குரூப் வெச்சா அறிவிப்புக்கு மட்டும் ஒண்ணு, பேச்சுக்கு ஒண்ணுன்னு பிரிச்சிடுங்க. முடிவு எதையும் குரூப்ல எடுக்காதீங்க.

டிசைனர் வந்தப்புறம்: அளவும் ஆபத்தும்

நீங்க சேத்து வெச்ச மேப், போட்டோ, குழந்தைங்க வார்த்தை, ஆசைப் பட்டியல், இதையெல்லாம் அவர் கைல கொடுத்து, ஒரு தடவையாவது பசங்களோட அவரும் நடக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. பட்ஜெட்டையும் பசங்ககிட்ட மறைக்க வேண்டாம். ஒவ்வொரு பொருளும் ஒரு அட்டை, விலைக்கு ஏத்த மாதிரி அட்டைல புள்ளி, மொத்தம் இவ்வளவு புள்ளிதான் இருக்குன்னு கொடுத்தா, எட்டு வயசுப் பசங்க எதை விடலாம், எதை விடக் கூடாதுன்னு நம்மளை விட நேர்மையா பேசுவாங்க. பராமரிப்புக்கும் ஒரு அட்டை மொதல்லயே எடுத்து தனியா வெச்சுடணும்.

பாதுகாப்பு அளவு ஒவ்வொரு நாட்டுலயும் வேற வேற, உங்க இடத்துக்கு எது சட்டம்னு கேட்டு அதைத்தான் பின்பற்றணும். ஆனா பல இடங்கள்ல எடுத்துக்கற சில கணக்கு தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது, காண்ட்ராக்டர் சொல்றது புரியும். ஐரோப்பாவோட இ.என். 1176 தரத்துல குழந்தை விழ வாய்ப்புள்ள உயரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. விழற தரை எவ்வளவு தாங்குதுன்னு பாக்க இ.என். 1177 இருக்கு, விழுந்தா தலைக்கு எவ்வளவு பலமா அடிபடும்னு காட்டற எண்ணைத் தலைக்காய அளவுகோல்ங்கிறாங்க, அது 1000-க்குள்ள இருக்கணும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட வழிகாட்டில, கம்பிகளுக்கு நடுவுல இடைவெளி சுமார் 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் நடுவுல இருந்தா உடம்பு நுழைஞ்சு தலை மாட்டிக்கும், அந்த அளவு கூடாதுங்கிறாங்க. பொருளைச் சுத்தி சுமார் 1.8 மீட்டர் காலியா இருக்கணும், ஊஞ்சலுக்கு மட்டும் முன்னாடியும் பின்னாடியும், மேல் கம்பி தரைலேர்ந்து எவ்வளவு உயரமோ அதுல ரெண்டு மடங்கு. விழற இடத்துல மரச்சில்லு பரப்பினா காலப்போக்குல கால் பங்காவது அமுங்கிடும், 23 செ.மீ. வேணும்னா 30 செ.மீ. கொட்டணும். இதை மறந்துட்டு மொத நாளே அளவா கொட்டறதுதான் அதிகமா நடக்கற தப்பு.

ஆபத்தை எல்லாம் துடைச்சு எடுத்துடாதீங்க. குழந்தை கண்ணால பாத்து "இது உயரம், ஏறட்டுமா வேண்டாமா"ன்னு தானே கணக்குப் போடற விஷயம் வேற, கண்ணுக்குத் தெரியாத கூரான போல்ட், ஆடற தூண், விரல் மாட்டற ஓட்டை வேற. ரெண்டாவதுல ஒண்ணைக் கூட விடாதீங்க, மொதல்லதை விட்டு வைங்க, இல்லைன்னா பசங்க அந்த ஜிவ்வைத் தேடி ரோட்டோர செவுத்து மேலதான் ஏறுவாங்க. அப்புறம் வெயில்: இரும்புச் சறுக்குமரம் வெறும் வெயில்ல நின்னா தொடையைச் சுட்டுடும், ரப்பர் தரையும் நல்லாவே கொதிக்கும். நிழல் இருக்கற இடத்தை மொதல்ல குறிச்சுட்டு அங்க பொருளை வைங்க, பொருளை வெச்சுட்டு நிழலைத் தேடாதீங்க.

திரும்பப் போய் பதில் சொல்லுங்க

பெரும்பாலான இடத்துல தவறற படி இது. பசங்ககிட்ட கேட்டுட்டுப் போயிடுவோம், எட்டு மாசம் சத்தமே இருக்காது, ஒரு நாள் பொக்லைன் வந்து நிக்கும். அந்த எட்டு மாசத்துல அவங்க மறந்துடுவாங்கன்னு நெனைக்கறோம், மறக்கறதே இல்லை. டிசைன் வந்த ரெண்டு வாரத்துக்குள்ள அதே பசங்களைக் கூப்பிடுங்க. ஒரு பெரிய தாள்ல மூணு வரிசை: நீங்க சொன்னது, நாங்க செஞ்சது, ஏன். நடந்தது, மாத்தி நடந்தது, நடக்காதது எல்லாமே அதுல இருக்கணும். நடக்காததுக்கு நேரா உண்மையான காரணத்தை எழுதுங்க, "அடியில குழாய் போகுது", "அதுக்கு மொத்தப் பணமும் போயிடும்". ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன் தன்னோட மரவீடு ஏன் இல்லைங்கிற வரியை விரல் வெச்சு மெதுவா படிச்சு முடிச்சுட்டு, "அப்போ மரத்தைச் சுத்தி உக்கார பலகை மட்டுமாவது போடலாம்ல"ன்னு கேட்டான். போடலாம்னு டிசைனர் அங்கயே பென்சிலால வரைஞ்சார். இல்லைன்னு சொன்னதால அவன் கிளம்பிப் போகலை, காரணம் கைல கிடைச்சதும் அடுத்த யோசனைக்குப் போயிட்டான்.

அந்தத் தாளை கேட்ல, பசங்க கண்ணுக்கு எட்டற உயரத்துல ஒட்டுங்க.

வேலை நடக்கும்போது

மைதானம் மூடற தேதியை முன்னாடியே சொல்லுங்க, அதுவரை விளையாட பக்கத்துல ஏதாவது ஒரு இடத்தைப் பேசி வைங்க. சுத்தி தகரம் அடிக்கும்போது குழந்தை கண் உயரத்துல நாலஞ்சு எட்டிப் பாக்கற ஓட்டை, ஓரம் மழுங்கடிச்சு விடச் சொல்லுங்க, வேலை நடக்கறதை வேடிக்கை பாக்கறதே அவங்களுக்கு ஒரு விளையாட்டு. செடி நடறது, செவுத்துல வரையறது, ஓடு பதிக்கறதுன்னு பாதுகாப்பான வேலைல பசங்களையும் அக்கம்பக்கத்தையும் சேத்துக்கோங்க. பழசுல ஒண்ணையாவது காப்பாத்துங்க, ஒரு மரம், ஒரு பெஞ்சு, எதையாவது. ரொம்பச் சின்னக் குழந்தைங்க புது இடத்துல அதைத்தான் மொதல்ல தேடுவாங்க.

திறந்தப்புறம்

திறப்பு விழா அன்னிக்கு ரிப்பனை யார் வெட்டறதுங்கிறதை விட, விழா முடிஞ்சதும் எல்லாப் பணமும் தீந்துடாம பாத்துக்கறது பெரிய விஷயம். கொஞ்சத்தை மாத்தறதுக்குன்னே நிறுத்தி வைங்க. எதாவது உடைஞ்சா யாருக்குப் போன் பண்ணணும்ங்கிற நம்பர் போர்டுல இருக்கணும், வாரத்துக்கு ஒரு தடவை போல்ட், கயிறு, தரை, உடைஞ்ச கண்ணாடி பாக்க ஒருத்தர் பேர் எழுதி வெச்சிருக்கணும், "எல்லாரும் பாத்துக்குவோம்"னா யாரும் பாக்கமாட்டாங்க.

மூணு மாசம் கழிச்சு அதே வெத்து மேப்பை எடுத்துக்கிட்டு, அதே நேரங்கள்ல, அதே இடத்துல போய் ஒரு வாரம் உக்காருங்க, மறுபடியும் புள்ளி வைங்க. பழைய மேப்பையும் புது மேப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, காலியாவே இருக்கற இடத்தைப் பசங்ககிட்ட காட்டி ஏன்னு கேளுங்க. எங்களுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது, அந்த மண்ணு லிஃப்ட் குழாயோட மேல் புனல் ரொம்ப உயரம், சின்னதுங்களுக்கு எட்டலை, அதனால பக்கத்து செடித் தொட்டி விளிம்புல ஏறி நின்னு மண்ணை விட்டுக்கிட்டு இருந்தாங்க. நிறுத்தி வெச்ச பணத்துல அங்க ஒரு படிக்கல் போட்டோம்.